யோகேஸ்வரி போட்ட மூன்று நோட்டீஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த நோட்டீஸை எழுதியது நான் இல்லை. எங்கள் ஊர் மாசாயில் பாதிப் பேர், உண்மை வெளியான பிறகும், இன்னும் நான்தான் எழுதினேன் என்று நம்புகிறார்கள். நம்பட்டுமே என்று கொஞ்ச நாள் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நான். அப்படிப்பட்டவனைப் பார்த்து நாலு பேர், "அடேயப்பா மகேஸ்வரா, என்னா எழுத்துடா!" என்று சொன்னால் யாருக்குக் கசக்கும்? ஆனால் உண்மையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதியது என் பக்கத்துக் கடை யோகேஸ்வரி.

பக்கத்துக் கடை என்று பேருக்குத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே கடைதான். நடுவில் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பாதியில் நான் சாவி வெட்டுகிறேன், கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுகிறேன். அந்தப் பாதியில் அவள் போட்டோஸ்டேட் மெஷின் ஓட்டினாள். பலகைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அங்கே பேசுவது எனக்குக் கேட்கும், நான் வாடிக்கையாளரிடம் கத்துவது அவளுக்குக் கேட்கும். கட்டடம் கனகராஜுடையது. துணிக்கடை முதலாளி, எங்கள் சிறுவியாபாரிகள் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாகத் தலைவர். தேர்தல் என்று ஒன்று வரும். யாரும் எதிர்த்து நிற்க மாட்டார்கள். கேசரி கொடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

யோகேஸ்வரி கூலாய்ப் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தாள். அங்கே பெண்கள் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். வரிசைக்கு ஒரே ஓர் அட்டை. போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். எட்டு நிமிஷம் தாண்டினால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வான். இவள் நாலு வருஷம் பார்த்தாள். பிறகு ஒரு நாள் கார்பன் தாள் வைத்து, 'எங்கள் அவசரத்துக்கும் கடிகாரமா?' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய பெட்டிக்குள்ளும் செருகிவிட்டாள். பெயர் போடவில்லை. ஒரே மாதத்தில் அட்டை போய்விட்டது!

அதோடு இன்னொன்றும் போனது. யார் எழுதியது என்று தேடிய நிர்வாகம், பக்கத்தில் நின்று வேலை செய்த உமாதேவி என்ற பெண்ணைக் கையெழுத்து ஒத்துப்போகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. யோகேஸ்வரி வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயது, பயம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

பிறகு கல்யாணம். கணவர் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர், பாவம், ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முகத்தை நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்போம். ஒரே மகள் தேன்மொழி. கெட்டிக்காரி, உதவிச் சம்பளம் கிடைத்து அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

யோகேஸ்வரியிடம் ஒரு பழக்கம் உண்டு. இரங்கல் நோட்டீஸைத் தவிர எதை அடித்தாலும் மேலே பிள்ளையார் சுழி வேண்டும். கம்ப்யூட்டரில் அழகான சுழி இருக்கிறதே என்று கேட்டால் முறைப்பாள். "டைப் அடிச்ச புள்ளையாரு வேலைக்கு ஆவாதுண்ணே." அடித்து எடுத்த முதல் தாளில் தன் கையாலேயே சிவப்புப் பேனாவால் சுழி போட்டு, அப்புறம்தான் மெஷினுக்குள் விடுவாள். பேப்பர் வெட்டும் கத்தியில் ஒரு முறை மாட்டியதில் அவள் வலது கட்டைவிரல் நுனி மடங்கிப்போனது. சுழியின் வாலை இழுத்து முடிக்கும் இடத்தில் பேனா ஒரு துள்ளுத் துள்ளும். ஆயிரம் கல்யாணப் பத்திரிகையில் அந்தத் துள்ளலை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேனே தவிர கவனித்ததில்லை. என் அறிவு அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது நகராண்மைக் கழகத்திலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. எங்கள் கடைக்கு எதிரே, கோயில் சாலையில் பதினான்கு திறந்தவெளிக் கடைகள் உண்டு. பூ, வடை, வெற்றிலை, தேங்காய், வளையல். மாலை நாலு மணிக்குப் போட்டு ஒன்பதுக்கு எடுப்பார்கள். அவற்றைப் புதுக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு மாற்ற இடம் இருக்கிறது, சங்கம் சம்மதமா இல்லையா என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கனகராஜுக்கு ஒரே குஷி. மாடிதான் நல்லது என்று மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினான்கில் முதல் கடை பேச்சியம்மாளுடையது. பூக்கடை. இருபத்தாறு வருஷமாக அதே இடம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மல்லிகையை முழம் போட்டால் ஒரு விரற்கடை கூடாது, குறையாது. யோகேஸ்வரிக்கு உயிர்த்தோழி. தினமும் கடை போடும் முன் எங்கள் கடைக்கு வந்து பால் விடாத ஒரு தே ஓ தேநீர் குடித்துவிட்டுத்தான் போவாள். அன்று வந்தவள் குடிக்கவில்லை.

"ரெண்டாவது மாடியாம்லா. எனக்கு முட்டி வலி, நானே ஏற முடியாது. சாமி கும்பிட வர்றவங்க ஏறி வந்து பூ வாங்குவாங்களா? நான் இனிமே வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

அந்த வாரம் தேன்மொழி டப்ளினில் ஒரு நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த பழைய காகிதங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய நோட்டீஸ்கள். ஊர் மன்றத்தில் சில பெரிய மனிதர்கள் ஆயுசுக்கும் நாற்காலியை விடாமல் உட்கார்ந்துகொண்டு, தங்களுக்குள்ளேயே ஆள் எடுத்துக்கொண்டார்களாம். நெசவுக்காரர், மருந்துக் கடைக்காரர், அச்சுக்காரர் என்று வியாபாரிகள் பொங்கி எழுந்து நோட்டீஸ் மேல் நோட்டீஸாகப் போட்டார்களாம். அவர் போட்டதற்கு இவர் பதில், பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில். பாதிக்கு மேல் பெயரில்லாதவை. யோகேஸ்வரி கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தீங்களாண்ணே! வெள்ளக்காரன் ஊர்லயும் நம்ம தலைவரு மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க!"

மறுநாள் மத்தியானம் பலகைக்கு மேலே ஒரு தாள் எட்டிப் பார்த்தது. படித்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

'மாடியில் பூக்கடையாம்! வியாபாரப் பெருமக்களே, கோயிலுக்குப் போகிறவன் செருப்பைக் கழற்றும் இடத்தில் பூ வாங்குவானா, மாடிப்படி ஏறி வந்து வாங்குவானா? படி ஏறித் தரிசிக்க இது என்ன பத்துமலையா? மாடி அவ்வளவு நல்லது என்றால் தலைவர் முதலில் தம் துணிக்கடையை மாடிக்கு மாற்றிக் காட்டட்டும். மறுநாளே நாங்கள் மூட்டை முடிச்சோடு பின்னால் வருகிறோம். இப்படிக்கு, மழையில் நனைந்தவன்.'

"நனைந்தவனா? நீ பொம்பளையாச்சே?" என்றேன்.

"அதனாலதான்ணே. ஆம்பளன்னு போட்டா ஆம்பளயத்தான் தேடுவாங்க."

இருநூறு பிரதி. என் மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். காப்பிக் கடை மேசை, கார் கண்ணாடி, கோயில் அறிவிப்புப் பலகை, தாமான் குடியிருப்பு வீடுகளின் தபால் பெட்டி, ஓர் இடம் விடவில்லை. ஐம்பத்தேழு வயதில் எனக்கு இப்படி ஒரு குதூகலமா என்று எனக்கே ஆச்சரியம். சாயங்காலத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. வடை வாங்க வந்தவர்கள் வடையைச் சுற்றிக் கொடுத்த நோட்டீஸை எண்ணெயோடு பிரித்துப் படித்தார்கள். "யாருய்யா இந்த நனைஞ்சவன்?" என்று எங்கே பார்த்தாலும் இதே கேள்வி!

மறுநாள் காலை கனகராஜ் வந்தார். என் கடைக்கு இல்லை, பலகைக்கு அந்தப் பக்கம். கையில் நோட்டீஸ் நசுங்கிக் கிடந்திருக்க வேண்டும், காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது. நான் வெட்டிக்கொண்டிருந்த சாவியை அப்படியே நிறுத்திவிட்டேன்.

"பாத்தியாம்மா இத? படுபாவி, நல்லா வேற எழுதியிருக்கான்! இதுக்கு ஒரு பதில் போடணும். என் பேர்லயே போடு. நான் சொல்றேன், நீ கோத்து எழுதிரு. உனக்குத்தான் பத்திரிக எழுதி எழுதிப் பழக்கம் இருக்கே."

ஏன் அவளைச் சந்தேகப்படவில்லை என்று கேட்கிறீர்களா? அவருக்கு அவள் ஒரு மெஷின். மெஷினுக்குச் சொந்தமாக யோசனை வரும் என்று யார் நினைப்பார்கள்? மறுத்தால் சந்தேகம் வரும். கடையும் அவருடையது. யோகேஸ்வரி, "சரிங்க தலைவரே" என்றாள்.

அவர் காரணங்களை அடுக்கிச் சொல்லிவிட்டுப் போனதும் நான் பாய்ந்து போனேன். "மோசமா எழுது! படிக்கிறவன் கொட்டாவி விடணும்!"

"அலமாக், அதத்தாண்ணே நானும் நெனச்சேன்" என்றாள்.

எழுதினாள். படித்தாள். கிழித்துப் போட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடி கிழித்தாள். மத்தியானம் வரைக்கும் பலகைக்கு அந்தப் பக்கம் கிழிக்கிற சத்தம்தான். கடைசியில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "எனக்கு மோசமா எழுத வரலண்ணே! அவரு சொன்ன காரணத்துல ஒண்ணு நெசம். அது நெசம்னு தெரிஞ்சிக்கிட்டு எப்படி அத நொண்டியா எழுதுறது?" என்று என் மேல் பாய்ந்தாள். நான் என்ன செய்தேன்?

அந்த உண்மை என்னவென்றால், புதுக் கட்டடத்தில் கழிவறை இருக்கிறது. கனகராஜ் ஏதோ போகிற போக்கில் சொன்னது. இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

'மழையில் நனைந்தவனுக்கு ஒரு கேள்வி. ஐயா, நீர் ஆண். மாலை நாலு மணிக்குக் கடை விரிக்கும் பெண் ஒன்பது மணி வரை எத்தனை மிடறு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டதுண்டா? குடிப்பதில்லை. குடித்தால், பெட்ரோல் நிலையத்துக்குப் பெரிய சாலையைத் தாண்டி நடக்க வேண்டும். அங்கே சாவி கேட்டு நிற்க வேண்டும். திரும்பி வருவதற்குள் வாடிக்கை போய்விடும். அதனால் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷம் அப்படி உட்கார்ந்து சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரிக்குப் போனவளை எனக்குத் தெரியும். உமக்கு மழை மட்டும்தான் தெரியும். இப்படிக்கு, கனகராஜ், தலைவர்.'

படித்து முடித்ததும் எனக்கே, மாடிதான் சரியோ என்று தோன்றிவிட்டது. அப்படி ஒரு எழுத்து!

அதன் பிறகு ஊரைக் கேட்கவா வேண்டும்? கனகராஜை நிறுத்தி நிறுத்திக் கைகுலுக்கினார்கள். பெண்கள் வலியப் போய் வணக்கம் வைத்தார்கள். பதினேழு வருஷத்தில் அந்த மனிதரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் நோட்டீஸுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுத் துணிக்கடை வாசலில் மாட்டிவிட்டார். காப்பிக் கடையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நேற்று வரை மாடி வேண்டாம் என்றவர்களில் பாதிப் பேர் தாவிவிட்டார்கள். யோகேஸ்வரி தன்னைத் தானே தோற்கடித்துவிட்டாள்! ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

அன்று நாலு மணிக்குப் பேச்சியம்மாள் இரண்டாவது நோட்டீஸைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "ஊரெல்லாம் பேசுறாங்களே, படிச்சுக் காட்டுங்க மகேசு." படித்தேன். 'சிறுநீரகக் கல்' வந்த இடத்தில் அவள் முகம் மாறியது.

"இது தலைவருக்கு எப்படித் தெரியும்? இத நான் ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். பூக்கூடைக்கு அடியில் விரித்திருந்த முதல் நோட்டீஸை உருவி எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். படிக்கத் தெரிந்த நாங்கள் எல்லோரும் எழுத்தைத்தான் பார்த்தோம். எழுத்து தெரியாதவள் மேலே இருந்ததைப் பார்த்தாள். இரண்டு சுழி, இரண்டிலும் வால் நுனியில் அதே துள்ளல்.

"ரெண்டுலயும் ஒரே புள்ளையாரு."

நேரே அந்தப் பக்கம் போனாள். நான் தடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்காகவும் நீதான் எழுதுன, என்னைய வீட்டுக்கு அனுப்பவும் நீதான் எழுதுனியா? என் வயித்து வலியக் கொண்டுபோய் அந்தாளு பேர்ல போட்டியா யோகேசு?"

யோகேஸ்வரி வாய் திறப்பதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் தே ஓ குடிக்க வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இருபது அடி தூரத்தில் இருக்கிற கடையிலிருந்து எங்கள் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. யோகேஸ்வரி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில் என் கூத்து வேறு. முதல் நோட்டீஸைக் கோயில் பலகையில் நான் ஒட்டியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஊர் முழுக்க, 'நனைஞ்சவன்' சாவிக்கடை மகேஸ்வரன்தான் என்று பரவிவிட்டது. நான் மறுக்கவில்லை. காப்பிக் கடையில் மீசையைத் தடவிக்கொண்டு, "ஏதோ, மனசுல பட்டத எழுதினேன்லா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். புத்தி கெட்டவன்! வியாழக்கிழமை கனகராஜ் என் கடை வாசலில் நின்றார்.

"எங்கிட்டயே கடை எடுத்துக்கிட்டு என்னையே கிண்டல் பண்றீங்களா? ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும். மாசக் கடைசியில உங்க பாதியக் காலி பண்ணிருங்க."

இருபத்திரண்டு வருஷக் கடை. என் மீசை தொங்கிப்போனது. ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. வாயை மூடிக்கொண்டு நின்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தேன்மொழியைக் கூப்பிட்டுப் பேசுவது கேட்டது. அங்கே காலை நேரம்.

"ஏம்மா, அந்தப் பழைய நோட்டீசெல்லாம் பாத்தியே, யாராச்சும் சொந்தப் பேரப் போட்டாங்களா?"

"ஒருத்தரு போட்டாரும்மா. மருந்துக் கடைக்காரரு. நாட்டுக்கே எதிரின்னு அறிவிச்சிட்டாங்க. ஊர விட்டே ஓட வேண்டியதாப் போச்சு."

"அப்புறம்?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. அதே ஊரு சனங்க ஓட்டுப் போட்டு அவரப் பார்லிமெண்டுக்கு அனுப்பினாங்க. ஏம்மா கேக்குற?"

"சும்மாதான். நீ சாப்புட்டியா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஒரு உமாதேவி போதும்ணே" என்றாள்.

மூன்றாவது நோட்டீஸ் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. இந்த முறை நான் ஒட்டப் போகவில்லை. அவளே கோயில் மண்டப வாசலில் நின்று, கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். பெயர் மேலேயே இருந்தது, சுழிக்குக் கீழே.

'என் பெயர் யோகேஸ்வரி, தகப்பனார் பெயர் வீராசாமி, போட்டோஸ்டேட் கடை. முதல் நோட்டீஸை எழுதியது நான். தலைவர் கேட்டதன் பேரில் அதற்குப் பதிலை எழுதியதும் நான். சாவிக்கடை மகேஸ்வரனுக்கு எழுத வராது, ஒட்ட மட்டும்தான் வரும். கடை சாலையிலேயே இருக்க வேண்டும் என்று எழுதினேன், அது உண்மை. பெண்களுக்குக் கழிவறை வேண்டும் என்று எழுதினேன், அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று நம்மிடம் சொன்னது யார்? சாலையிலேயே கழிவறை கட்டித் தரச் சொல்லிக் கேட்போம்.'

மண்டபம் தேன்கூட்டில் கல் எறிந்த மாதிரி ஆனது. எழுபத்தொன்பது பேர் வந்திருந்தோம். கனகராஜ் மேடையில் அந்தத் தாளைப் படிக்கப் படிக்க முகம் கறுத்தது. மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குப்பையெல்லாம் செல்லாது! கேள்வி ரெண்டே ரெண்டுதான். மாடியா, ரோடா? கையத் தூக்குங்க!"

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாடிக்குப் பாதிக் கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தம். பேச்சியம்மாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கூட்டத்தில்கூட அவள் பேசியதில்லை. கையில் இரண்டாவது நோட்டீஸை வைத்திருந்தாள்.

"தலைவரே, இது உங்க பேர்ல வந்ததுதானே?"

கனகராஜ் மைக்கைக் கீழே இறக்கினார்.

"பொம்பளைங்களுக்குக் கக்கூசு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஊரே உங்களக் கும்புட்டுச்சே. நீங்க சொன்னதா, இல்ல யோகேசு சொன்னதா? இப்ப சொல்லுங்க."

ஐயோ, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. தான் சொன்னதில்லை என்றால் ஒரு வாரமாக வாங்கிய கைகுலுக்கலும் வணக்கமும் போச்சு, வாசலில் உறை போட்டு மாட்டியதும் போச்சு. தான் சொன்னதுதான் என்றால்? அவர் ஒரு தடவை யோகேஸ்வரியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் சொன்னதுதான்."

"அப்ப நீங்களே கேட்டு வாங்கிக் குடுங்க. எங்க ரோட்டுலயே" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் உட்கார்ந்தாள்.

கை தட்டிய தட்டில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. கடைகள் சாலையிலேயே இருக்கட்டும், கழிவறை கட்டித் தரும்படி சங்கம் மனு கொடுக்கட்டும் என்று ஐம்பத்திரண்டு கைகள் எழுந்தன. நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன், செயலாளர் ஒன்றை இறக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கனகராஜ் வந்தார். என்னைப் பார்த்து, "நீங்க இருங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கம் போனார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ எழுதுனதுல தப்பு இல்லம்மா. ஆனா என் கட்டடத்துல இருந்துக்கிட்டே என்னைய ரெண்டு பக்கமும் நிக்க வச்சிட்ட. மாசக் கடைசிக்குள்ள கடையக் குடுத்துரு."

"சரிங்க தலைவரே" என்றாள். அதே குரல்.

அவள் எனக்காகத்தான் பெயர் போட்டாள். என் கடை தப்பியது, அவள் கடை போனது. எனக்கு அவமானமாக இருந்தது. நானும் காலி செய்கிறேன் என்று குதித்தேன். "சும்மா இருங்கண்ணே, சாவி வெட்டுற மெஷின வச்சிக்கிட்டு எங்க போவீங்க?" என்று அதட்டினாள். தெப்ராவ் வரைக்கும் கடை தேடினோம். ஒன்றும் சரிப்படவில்லை.

மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் நானும் அவளும் மெஷினை உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றோம். எதிர்ப்பக்கம் பேச்சியம்மாள் கடை விரிக்க வந்தாள். கூட்டத்துக்குப் பிறகும் அவள் யோகேஸ்வரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். பிறகு குனிந்து மல்லிகைக் கூடையைத் தூக்கி ஓர் ஓரமாக வைத்தாள். சாமந்தி வாளியை அதன் மேல் அடுக்கினாள். தாமரைத் தொட்டியைக் காலால் தள்ளினாள். மேசையை இழுத்தாள். ஓர் ஆள் நிற்கும் இடம் வந்தது, இன்னும் இழுத்தாள், மெஷின் நிற்கும் இடம் வந்தது.

"அங்க என்ன வேடிக்கை? உருட்டிக்கிட்டு வாங்க. நேரமாவுது."

அப்படித்தான் கோயில் சாலையில் பதினைந்தாவது கடை வந்தது. கோயிலிலிருந்து மின்சார வயர், மேலே தார்ப்பாய், அடியில் பூக்கடை வாசனையோடு ஒரு போட்டோஸ்டேட் மெஷின். தீபாவளிக் கூட்டம் அம்மியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது யோகேஸ்வரி வியர்த்து ஊற்றி நின்றாள். பேச்சியம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யோகேஸ்வரி வாங்கினாள், மூடியைத் திறந்தாள், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் நிலையத்தை ஒரு தடவை பார்த்தாள். குடிக்காமல் மூடி வைத்தாள்.

"இப்பத் தெரியுதா?" என்றாள் பேச்சியம்மாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்கள்.

சங்கம் கொடுத்த கழிவறை மனுவுக்கு நகராண்மைக் கழகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. சிரித்து முடித்த கையோடு அன்றே யோகேஸ்வரி அடுத்த நோட்டீஸுக்காக ஒரு வெள்ளைத் தாளை மெஷின் மேல் வைத்து, சிவப்புப் பேனாவால் சுழி போட்டாள். வால் நுனி துள்ளியது. கீழே தன் பெயரை எழுதினாள்.

"என் பேரையும் போடு" என்றாள் பேச்சியம்மாள்.

எழுதினாள். பேச்சியம்மாள் குனிந்து பார்த்து, "எது என்னுது?" என்றாள். யோகேஸ்வரி அவள் விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள். அவள் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் பேரையும் போடு."

"நீங்க என்னத்த எழுதுனீங்கண்ணே?"

"ஒட்டப் போறது யாரு?" என்றேன்.

போட்டாள்.